கோடியில் சில நூறு

பூவாத்தாளின் டிஎன்ஏவைக் கோடிக்கணக்கான துணுக்குகளாக்கி, எழுத்து எழுத்தாக ஒளிரவிட்டு வாசித்த இயந்திரம், அவற்றில் சில நூறு ஓர் ஆணுடையவை என்றது. தன் எச்சில்தான் தெறித்திருக்கும் என்று ஆய்வக ஊழியன் தவசி தலையில் அடித்துக்கொண்டான். ஒத்துப்பார்த்தால் அவனுடையது இல்லை. அவளிடம் புது ரத்தம் எடுத்து ஓட்டினான். மறுபடியும் அதே ஆண். ஒன்றும் பிடிபடவில்லை.

"உங்க ரத்தத்துல யாரோ ஒரு ஆணோட துணுக்கு வருதும்மா. பையன் இருக்கானா?"

"இல்லீங்க. ஒரே தடவைதான் தங்குச்சு. அஞ்சாம் மாசமே கலைஞ்சிருச்சு. முப்பது வருசமாச்சு."

வயிற்றுப் பிள்ளையின் அணுக்கள் தாயிடம் தங்கிவிடுவதுண்டு என்று எப்போதோ படித்திருந்தான். முப்பது வருடமா? அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், படித்ததைச் சொன்னான்.

பூவாத்தாள் ஊசி குத்திய இடத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அது பையனுங்களா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லீங்களே."