வெந்நீர் வைக்காத காலை

குரங்குக் குல்லாவைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தார் அவர்.

ஏரிப் பக்கமிருந்து ஏறிவந்த பனிமூட்டம் இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. கிளினிக்கில் வேறு யாரும் இல்லை.

பல் டாக்டர் புவனா அவர் பெயரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவு எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுல ஒண்ணும் தெரியலம்மா. ஆனா ராத்திரியெல்லாம் பல்லு தெறிக்குது."

கிளினிக் திறந்த நாள் முதல் அவள் கேட்டுவரும் பேச்சு ஒன்றுதான். ஃபிலிம் என்றால் கையில் கொடுப்பார்கள், வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் நல்ல பல்லையும் சொத்தையாக்கிக் காட்டிவிடுவார்கள்.

அதனால் கூட்டமெல்லாம் எதிர்ச்சாரிக் கிளினிக்குக்கே போனது. அங்கே பழைய டாக்டர், பழைய ஃபிலிம்.

பொங்கலுக்குள் ஆள் சேராவிட்டால் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பழனிக்கே வந்துவிடு என்று அப்பா சொல்லிவிட்டார்.

அவளுக்குத் தன் கருவி மேல் சந்தேகமில்லை. ஊருக்கும் அந்தச் சந்தேகம் போகவேண்டும். இந்தத் தெருவில் ஒரே ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும்.

ஃபிலிமுக்குப் பதில் கம்ப்யூட்டரோடு இணைந்த சென்சாரை அவர் பல்லோரம் வைத்துக் கடிக்கச் சொன்னாள். பொத்தானை அழுத்தியதும் திரையில் படம் வந்து நின்றது.

கடைவாயில் இரண்டு பற்கள் ஒட்டுகிற இடத்தில் ஒரு கருநிழல். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். நிழல் போகவில்லை.

அவர் கொண்டுவந்த ஃபிலிமை விளக்கில் பிடித்தாள். அதே இரண்டு பற்கள். ஆனால் படம் முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளிறிக் கிடந்தது.

"ஃபிலிம் மேல தப்பில்ல சார். கழுவுனவங்க மருந்தச் சூடாக்க வெந்நி வைக்கல. இந்தக் குளிர்ல கழுவுற மருந்து பாதிதான் வேலை செய்யும். கறுக்க வேண்டியது கறுக்காது."

அவர் ஃபிலிமைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"உதவிக்கு ஆள் வாரதுக்கு முன்ன, வெரசாக் கழுவுனது."

ஊசி போட்டு மரக்கவைத்து, துளையிட்டாள். பழுப்பாக, மெத்தென்று சொத்தை வந்தது.

அடைக்கும் முன் அவரிடம் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தாள். அவர் தட்டிலிருந்த காம்பு வைத்த சின்னக் கண்ணாடியையும் தானே எடுத்து வாய்க்குள் விட்டார். ஒரே திருப்பில் குழியைப் பிடித்துவிட்டார்.

"சுத்தமா எடுத்திருக்க."

அடைத்து முடித்ததும் புவனா தணிந்த குரலில் சொன்னாள். "பின்வாசல் இருக்கு சார்."

அவர் யோசித்தார். பிறகு குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்வாசலைத் திறந்தார்.

பனி விலகியிருந்தது. எதிர்ச்சாரியில் உதவியாள் வேல்ராஜ் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தான். படியில் மன்னவனூரிலிருந்து வந்த ஆட்கள் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். எல்லாத் தலைகளும் இந்தப் பக்கம் திரும்பின.

வேல்ராஜ் பாதி ஏற்றிய ஷட்டரை அப்படியே விட்டான். "டாக்டர்! அங்கிட்டு என்ன சோலி?"

மரத்த வாயோடு, தெரு முழுக்கக் கேட்கும்படியே அவர் சொன்னார்.

"ஏலே, சொத்தைப் பல்லை அடைச்சிட்டு வாரேன். நம்ம படத்துல அது தெரியல, இந்தப் பிள்ளை பிடிச்சிருச்சு. நீ மொதல்ல வெந்நிய வையி."