நாற்பதடி உயரத்தில் ஒரு மனு

“அவர் குதிச்சிட்டார்னா முதல்ல உங்க பேரைத்தான் சார் போடுவாங்க” என்றபடி பியூன் அறைக்குள் ஓடி வந்தபோது, நகரமைப்பு அதிகாரி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் உள்ளேயே விழுந்து கரைந்துபோனது.

எவர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அலுவலகத்தில் ‘டவர்காரர்’ ஒரே ஒருவர்தான். வீட்டு மொட்டை மாடியில் நாற்பதடி இரும்புக் கோபுரம் எழுப்பி, உச்சியில் ஆன்டெனா மாட்டி, தன்னைப் போலவே ரேடியோ பைத்தியம் பிடித்தவர்களோடு உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பவர்.

பல வருடமாக நிற்கிற கோபுரத்துக்கு அனுமதி இல்லை என்று அலுவலகம் போன வருடம்தான் விழித்துக்கொண்டது. அவரும் உடனே மனு கொடுத்தார். அது ஒன்பது மாதமாக அதிகாரியின் அலமாரியில் ஊறிக்கொண்டிருந்தது.

ஃபைலை ஊறப்போடுவதில் அதிகாரிக்கு இணை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் கேட்டார். அது வந்ததும் எதிர் வீட்டுக்காரர் சம்மதம் கேட்டார். அதுவும் வந்துவிடவே, காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று வரைபடம் கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை டவர்காரர் வந்து, “இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன் சார்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தொல்லை விட்டது என்று அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் தெரிந்தது. அதிகாரியின் பதவி உயர்வு உத்தரவு இந்த வாரம்தான் வர வேண்டும்.

டவர்காரர் வீடு இரண்டு தெரு தள்ளி. வாசலில் பழைய இரும்பு வாங்குகிற வண்டி நின்றது. அதன் மேலும் நாலு பேர் ஏறி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் பிடித்துக்கொண்டிருந்த செல்போன்கள், அதிகாரி வந்ததும் மொத்தமாக அவர் பக்கம் திரும்பின.

மூச்சிரைக்க மாடி ஏறினார். கோபுரத்தின் உச்சியில் டவர்காரர் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி வெளிப்பக்கம் சாய்ந்து நின்றார். கீழே அவர் மனைவி தலையில் ஹெல்மெட்டோடு, ஒரு கயிற்றின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார்.

நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று அதிகாரி அவரைக் கடிந்துகொண்டார்.

“இப்ப பேச்சுக் குடுக்காதீங்க சார்” என்றார் அவர், திரும்பாமலே.

பாவம், புத்தி பேதலித்துவிட்டது, விழுகிற மனுஷனைக் கயிற்றைக் கொண்டு பிடிக்கப் பார்க்கிறார் என்று அதிகாரி முடிவு கட்டினார். அதற்குள் பியூன் இரும்பு வண்டிக்காரரின் கை மைக்கை வாங்கி வந்து நீட்டினார். பொத்தானை அழுத்தியதும் அது வழக்கம்போல, “பழைய இரும்பு, ஈயம், பித்தளை” என்று கூவியது.

மேலே இருந்தவர் குனிந்து பார்த்தார். “இன்னும் அரை மணி நேரம்தான்” என்று கத்தினார்.

கெடு வைத்துவிட்டார். அதிகாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு பொத்தானைத் தேடிப் பிடித்து, அவசரப்பட வேண்டாம், அனுமதி தயார் என்று மைக்கில் கெஞ்சினார்.

மனைவி முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது என்கிறார் போலும். அதிகாரி பியூனை விரட்டினார். ஃபைலும் ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் பத்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தன.

தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் வைத்து அதிகாரி கையெழுத்துப் போட்டார். “கோபுரத்துக்கு நிபந்தனை எதுவுமின்றி நிரந்தர அனுமதி” என்று மைக்கில் வாசித்து, தாளைத் தூக்கிக் காட்டினார். தெருவே கைதட்டியது.

டவர்காரர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓர் உயிரைக் காப்பாற்றிய பூரிப்பு அதிகாரிக்கு. ஒன்பது மாதம் இழுத்தடித்ததற்கு வெட்கமாகக்கூட இருந்தது. கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று, செல்போன்களுக்கு வாகாக முகத்தைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. மறுபடியும் அண்ணாந்து பார்த்தது. திரும்பினால், டவர்காரர் தாளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பாதிக் கோபுரம் ஏறியிருந்தார்.

அதிகாரி அவர் மனைவியிடம் ஓடினார். “அதான் கையெழுத்துப் போட்டாச்சே. திரும்ப எதுக்கும்மா ஏறுறார்?”

மனைவி கயிற்றைத் தரையில் விட்டெறிந்தார்.

“ஆன்டெனாவைத் திரும்ப மாட்டத்தான். பன்னெண்டு வருஷமா சண்டை போட்டு, இன்னிக்குத்தான் சார் இந்தச் சனியனைக் கழட்டவே ஏத்தி விட்டேன்.”