முத்தல் இலை

"லொறியில கொழுந்துதான் போகும். ஆள் போகாது" என்றார் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா, தராசை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

லெட்சுமி நகரவில்லை. தோளில் அழகன் காய்ச்சலில் துவண்டு கிடந்தான். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காளியாயிதான் பயந்துபோய் அவனைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே வந்திருந்தாள்.

"மருந்துக்காரய்யா மத்தியானம் அடுத்த தோட்டத்துக்குப் போயிருவாருங்க. நடந்தா புடிக்க முடியாதுங்கய்யா."

"ஆள ஏத்தினா தொரை என்னையத்தான் கேப்பாரு. அந்தப் பக்கம் நில்லு."

கறுப்புக் கோட்டுப் பையில் கையை விட்டபடி நின்ற, அவள் கும்பலை மேற்பார்க்கும் சோலைமலை கங்காணி, மெல்ல அவள் கூடையிடம் போனார். உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"இது என்ன புள்ள?"

அவர் கை நிறைய முத்தல் இலை.

லெட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் அதப் பறிக்கலிங்க கங்காணி."

"அப்ப முனியாண்டி சாமி வந்து போட்டுட்டுப் போனாரா?"

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"இவளச் சும்மா விட்டா மத்தவளுகளும் பழகிக்குவாளுக" என்றார் கங்காணி. "ஸ்டோருக்கு அனுப்புங்கய்யா. அவளே ஒக்காந்து பொறுக்கட்டும்."

கொழுந்தோடு முத்தல் கலந்தவளைக் கொழுந்து லொறியிலேயே ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, அனுப்பி, அவள் கையாலேயே பொறுக்க வைப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். கண்டாக்கையா தலையாட்டிவிட்டுக் கேட்டார்.

"புள்ள?"

"அதையும் தூக்கிக்கிட்டுப் போகட்டும்" என்றார் கங்காணி. "காச்சப் புள்ளைய இங்க யாரு பாப்பா?"

கூடையோடும் பிள்ளையோடும் அவளை லொறியில் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் லெட்சுமி அழுதாள். புள்ள சாகக் கெடக்கையில எலை பொறுக்கச் சொல்றானே, இவனெல்லாம் ஒரு மனுசனா என்று வாய்விட்டே திட்டினாள்.

"ஏசாதீங்க தங்கச்சி" என்றார் லொறி ஓட்டிய இப்றாஹிம் நானா.

லொறி ஸ்டோருக்குப் போகவில்லை. வழியில் அதற்கு முன்னாலேயே இருந்த மருந்துக் காம்பரா வாசலில் நின்றது.

"எறங்குங்க. மொதல்ல புள்ளைக்கு மருந்தெடுங்க. எலை எங்கயும் ஓடிப் போகாது."

மருந்துக்காரய்யா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் பையை இறக்கினார். ஊசி போட்டார். மருந்தைக் கலக்கிப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் அழகன் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினான்.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நல்ல வேளைக்குக் கொண்டாந்த. இனிப் பயமில்ல" என்றவர், வாசலில் இருந்த கூடையை எட்டிப் பார்த்தார். "முத்தல் எலையா?"

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "சத்தியமா நான் பறிக்கலிங்கய்யா."

"எந்தக் கங்காணி ஆளு நீ?"

"சோலைமலை கங்காணிங்க."

மருந்துக்காரய்யா சிரித்துவிட்டார்.

"அதானே பாத்தேன். அவரு ஆளுகள்ல எந்தப் புள்ளைக்குக் காச்சல் வந்தாலும், அன்னைக்கின்னு பாத்து அதோட ஆத்தா கூடையிலதான் முத்தல் எலை கெடக்குது."