காது தரிசனம்

“உலகத்துல ரெண்டே வகை ஆளுங்கதான். வீடியோ கால் வந்தா முகத்தைக் காட்டுறவங்க, காதைக் காட்டுறவங்க.”

திரையில் முறம் அளவுக்கு ஒரு காது. கிராமத்து ஜனங்களுக்குக் கைபேசி கற்றுத்தரும் அந்தப் பயிற்சியாளன், வேலையில் சேர்ந்த மாதமே இந்தப் படத்தால் பேர் வாங்கிவிட்டான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அது தன் அம்மாவின் காது என்பதையும் அவன் மறைக்கவில்லை.

அறைக்குத் திரும்பினால் மட்டும் மனசு குடைந்தது. ஆரம்பத்தில் அம்மாவின் நெற்றியாவது தெரிந்தது. இப்போதெல்லாம் காது தரிசனம் மட்டும்தான். போதாக்குறைக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குசுகுசுப்பு: “அப்படியே வைங்க அத்தை, அசையாதீங்க.”

அண்ணி எதையோ மறைக்கிறாள். அம்மாவை அழவைத்துவிட்டு, அழுத முகம் தெரியாமல் பார்த்துக்கொள்கிறாளோ? நல்லவள்தான். ஆனால் நல்லவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று மோசடி பற்றிய பாடத்தில் அவனே சொல்லிக்கொடுக்கிறான்.

அம்மாவின் பேச்சும் குழறியது. ‘சாப்பிட்டியாப்பா’வில் பாதி எழுத்து காற்றாகப் போனது. அதற்கு அவனிடம் விளக்கம் தயாராக இருந்தது: சிக்னல் வீக்.

புதுக் கன்றுக்குட்டியைக் காட்டச் சொன்னபோது மட்டும் படம் சட்டென்று திரும்பி, மூக்கிலிருந்து வால்வரை ஆடாமல் அசையாமல் வந்தது. பிறகு மறுபடியும் காது. குருட்டாம்போக்கில் விரல் பட்டிருக்கும் என்று தள்ளிவிட்டான்.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டான். எடுத்தது அண்ணி. எங்கம்மாவை என்ன பண்ணி வச்சிருக்கீங்க என்று பிடிபிடியென்று பிடித்தான்.

“அவளை ஏண்டா மிரட்டுற? இப்படிக் குடு” என்று அம்மாவின் குரல் தொழுவத்திலிருந்து வந்தது. போன் கைமாறும் நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி முட்டியது. வைக்கோலில் மல்லாந்த போனை எடுக்க அம்மா குனிந்தாள். முகம் திரை நிறையத் தெரிந்தது.

வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இமைத்தபோது ஒரு கண்தான் மூடியது.

அம்மா போனை எடுத்தாள். இனி மறைத்துப் புண்ணியமில்லை என்று முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டாள்.

“பாதி முகம் இழுத்துக்கிச்சுடா. மருந்து சாப்பிடுறேன், சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். புது வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவியேன்னுதான் காதைக் காட்டினேன். கேமரா எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா என்ன?”

பயிற்சியாளனுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சத்தமில்லாமல் போனைத் திருப்பிக் காதோடு ஒட்டிக்கொண்டான்.

“என்னடா, உன் காது மட்டுந்தான் தெரியுது?”