ஒற்றை மீசைக் கெளுத்தி

கரண்ட் போன நொடியில் அவள் டம்ளரை எடுத்துவிட்டாள்.

மீன் தொட்டியில் காற்றுக் குமிழி நின்றிருந்தது.

ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, மெல்லிய கம்பியாகத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விட்டாள். காபி ஆற்றுவதுபோல. விழுந்த இடத்தில் நுரை எழுந்தது. காற்று உள்ளே போனால் போதும்.

தொட்டியில் பத்து தடவை. பக்கத்தில் இருந்த ஐஸ்கிரீம் டப்பாவில் ஸ்பூனால் பத்து தடவை.

தொட்டியில் ஒன்பது கெளுத்தி. டப்பாவில் ஐம்பதுக்கு மேல் குஞ்சுகள், ஒவ்வொன்றும் சீரகம் அளவு.

ஒன்றுகூடச் சாகக் கூடாது.

இன்று மட்டுமாவது.

குன்னூரில் காலையிலிருந்து அடைமழை. எங்கோ மரம் கம்பிமேல் விழுந்திருக்கும். மலைக்குக் கீழே கோயமுத்தூரில், அவள் புருஷன் கிருபாகரனின் நெஞ்சைத் திறக்க இன்று நாள் குறித்திருந்தார்கள்.

தொட்டி அவனுடையது. ஒன்பது மீன் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார். பத்தாவது கூடாது. ஆனால் தண்ணீர் குளிர்ந்தால் கெளுத்திகள் யாரைக் கேட்டு முட்டை போடுகின்றன? கண்ணாடியில் ஜவ்வரிசிபோல் ஒட்டிவிடும். பிளேடை அவள் கையில் கொடுப்பான். அவள் வழிப்பாள். அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பான்.

ஒருமுறை முப்பது குஞ்சுகளைப் பக்கெட்டில் ஒளித்து வளர்த்தாள்.

அவன் கத்தவில்லை. தொட்டி ஹீட்டரைத் தண்ணீரிலிருந்து உருவி, சூடேற விட்டு, அவள் இடது மணிக்கட்டில் வைத்து ஒன்பதுவரை எண்ணினான்.

நிதானமாக.

மாமியாருக்கு வேறு நம்பிக்கை. தொட்டியில் மீன் செத்தால் அந்த முகம் மலரும். கார் பள்ளத்தில் உருண்ட அன்று ஒரு மீன் செத்தது. மகன் சட்டை கசங்காமல் நடந்து வந்தான். முதல் நெஞ்சுவலி வந்த அன்று இன்னொன்று. "என்ற பையனுக்கு வந்ததை அது வாங்கிட்டுப் போயிருச்சு" என்று மாமியார் செத்த மீனுக்குக் குங்குமம் வைத்து ரோஜாச் செடியடியில் புதைத்தாள்.

இரண்டையும் இவள் கண்ணால் பார்த்தவள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தொட்டித் தண்ணீரை மாற்றியது அவன்தான். இவளை நம்பவில்லை. அவசரத்தில் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டான். ஐஸ் தண்ணீர். மறுநாள் விடிந்தால் கண்ணாடி முழுக்க முட்டை.

பிளேடை எடுத்துக்கொண்டு போய் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அவன்மேல் வர இருந்ததையெல்லாம் முட்டையோடு முட்டையாக அவள் கையாலேயே வழித்துப் போட்டிருக்கிறாள்.

பிளேடைக் கீழே வைத்தாள். விரல் நுனியால் முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டி எடுத்து டப்பாவில் சேர்த்தாள்.

ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை இறங்கட்டும் என்று அவனை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்க வைத்தார்கள். அந்த ஐந்து நாளில் முட்டை பொரிந்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனம்மிணி, தொட்டியில ஏதாச்சும் செத்துச்சா?"

மாமியாருக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் மருமகள் அம்மிணி.

"இல்லீங்கத்தை."

"ஒண்ணுகூடவா?" குரல் உடைந்தது. "இப்பத்தான் உள்ள கொண்டுபோனாங்க. நீயே ஒண்ணை எடுத்து வெளிய போட்டுரு கண்ணு. அவனுக்கு வாரது அதோட போகட்டும்."

அவள் டம்ளரை உயர்த்தினாள். தண்ணீர் விழும் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

"போட்டுட்டேனுங்கத்தை. அந்த ஒத்தை மீசைக்காரனை."

"துடிக்குதா?"

"துடிக்குதுங்க." கொஞ்ச நேரம் விட்டாள். "ஆச்சுங்கத்தை. போயிருச்சு."

விசும்பல் கேட்டது. "நீ மகராசியா இருப்பே. இனி அவனுக்கு ஒண்ணுமில்ல. நான் போயி ஒரு வாய் காபி குடிக்கறேன்."

ஒரு மீசை ஒடிந்த கிழட்டுக் கெளுத்தி தொட்டியின் முன்பக்கம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. நல்ல பசிபோல.

அவள் ஆற்றினாள்.

தோள் மரத்தது. கையை மாற்றினாள். தண்ணீர் சில்லிட்டபோது வெந்நீர் போட்டு, பாட்டிலில் அடைத்து, தொட்டியில் மிதக்கவிட்டாள். டப்பாவின் அடியில் ஒரு குஞ்சு சாய்ந்து கிடந்தது. ஸ்பூனில் அள்ளித் தனிக் கிண்ணத்தில் விட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பொழைச்சுக்க சாமி."

செவுள் அசைந்தது. குஞ்சு நிமிர்ந்தது.

யாராவது பார்த்திருந்தால் அந்தக் கருணையைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.

குமிழி எழுந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று இந்த வீட்டில் சிரித்து.

டப்பாவில் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. கிண்ணத்தில் இருந்ததும்.

தொட்டியைப் பார்த்து எண்ணினாள்.

எட்டு.

மறுபடி எண்ணினாள்.

எழுந்து விளக்கைப் போட்டாள். மூலையில், வெந்நீர் பாட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கி, வெள்ளை வயிறு மேலே தெரிய, ஒற்றை மீசை.

போன் அடித்தது.

நாலைந்து தடவை அடிக்க விட்டாள். ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுத் தழும்புக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

போனை எடுத்தாள். மாமியார் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"எப்பங்கத்தை வீட்டுக்கு வாராரு?"