ஆறரை மணி நேரக் கரண்ட்

கம்ப்யூட்டர் மறுபடியும் செத்தது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே காற்று பாய டேபிள் ஃபேனை முட்டுக் கொடுத்து வைத்தும், மூன்றாவது மணி நேரத்தில் திரை கறுத்துத் தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டது. சதீஷ் மேஜையில் ஓங்கிக் குத்தினான்.

"சூடுதாங்க காரணம். அளவுக்கு மீறி முடுக்கினா அது என்ன பண்ணும் பாவம்?" மோர் டம்ளரோடு வந்து நின்றாள் அவன் மனைவி வானதி. "இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைங்களேன்."

"குறைச்சாச்சு வானதி! ரெண்டரை ஜிகாஹெர்ட்ஸ்லேருந்து ரெண்டே காலுக்கு வந்தாச்சு. இன்னும் குறைச்சா எப்பத்தான் முடியிறது?"

தஞ்சாவூரில் கடை கடையாக ஏறி உதிரி பாகம் வாங்கி, தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர் அது. கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தவனைச் சிங்கப்பூர் ஸ்டூடியோ ஒன்று மாதிரிப் படம் கேட்டிருந்தது. சனிக்கிழமை கூரியரில் சிடி போயாக வேண்டும், போனால் வேலை. இன்று வியாழன்.

எடிட் செய்த படத்தைச் சிடிக்கு ஏற்ற கோப்பாக மாற்ற வழக்கமான வேகத்தில் ஒன்பது மணி நேரம் பிடிக்கும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். ஒன்பது மணி நேரம் கரண்ட் போகாது என்று வலங்கைமானில் எவனும் சத்தியம் செய்ய மாட்டான். யுபிஎஸ் பேட்டரியோ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அதனால்தான் பிராசசரை அதன் தகுதிக்கு மேல் முடுக்கி, ஆறரை மணி நேரத்தில் காரியத்தை முடிக்கப் பார்த்தான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், போன வாரம் சோதனைக்காக ஒரு பகல் முழுவதும் ரெண்டரையிலேயே ஓட்டிப் பார்த்தபோது அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. சிங்கப்பூர்ப் படம் என்று ஆரம்பித்தால்தான் படுத்துக்கொள்கிறது. இது மூன்றாவது தடவை.

"கட்டாயம் முடிப்பீங்க, பாருங்க," என்றாள் வானதி. முதல் இரண்டு வருஷம் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுகூட, "ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்று தைரியம் சொன்னவள் அவள்தான்.

மறுநாள் காலை, தோல்வியை விழுங்கிக்கொண்டு, கம்பெனிக்காரன் கொடுத்த பழைய வேகத்துக்கே இறக்கினான். ஒன்பது மணி நேரம் கரண்ட் நிற்க வேண்டும். இனி கடவுள் விட்ட வழி.

வாசலில் அப்பா ரெங்கசாமி மொபெட்டைக் கிளப்பினார். "அறுவடை மெஷின்காரனைப் பார்த்துட்டு வந்துடறேன்டா. தண்ணிய வடிச்சுப் பத்து நாளாச்சு, இனிமே வயல்ல மெஷின் எறங்கும்."

சதீஷ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினான்.

மூன்று மணி நேரம் ஓடியது. முப்பத்து நாலு சதவீதம். திடீரென்று டேபிள் ஃபேன் சோர்ந்து சுற்றியது. அடுத்த நொடி திரை கறுத்தது.

சதீஷ் ஃபேனையே பார்த்தான். இப்போது முடுக்கவும் இல்லை, சூடும் இல்லை. அப்படியானால் இறங்கியது கரண்ட். வோல்ட் மீட்டரை எடுத்துப் பிளக்கில் சொருகினான். இருநூற்று முப்பது காட்ட வேண்டிய இடத்தில் நூற்று அறுபது வோல்ட்!

கொல்லை வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் போர் மோட்டார்! அது ஓடினால் வீட்டுக்கு வரும் கரண்ட் இறங்கிவிடும். தண்ணீருக்கு அடியில் கிடந்து சத்தமில்லாமல் ஓடும் சனியன். கோபம் தலைக்கேற, கொல்லைப்புறக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வரப்போரத்தில் மொபெட்டை நிறுத்தி இறங்கினார் ரெங்கசாமி.

"ஏம்ப்பா, மூணு நாளா மோட்டாரைப் போட்டுப் போட்டு என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறீங்களே! நான் சிங்கப்பூர் போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா வாயால சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எங்கடா போட்டேன்? நானே இப்பத்தான் வர்றேன்." அப்போதுதான் அவர் கண்ணில் தண்ணீர் பட்டது. "அடப்பாவி, அறுக்கப்போற வயலுக்கு எந்தக் கிறுக்கன்டா தண்ணி விட்டது? நெல்லெல்லாம் சாஞ்சு, மெஷினே புதைஞ்சு போயிடுமேடா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மடையை அடைக்க ஓடினார்.

மோட்டார் கொட்டகைக்குள்ளிருந்து வானதி வெளியே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் சதீஷைப் பார்க்கவில்லை.

"ஓடாதீங்க மாமா... வயலுக்குப் போகாம வடிகாலுக்குத்தான் திருப்பி விட்டிருக்கேன்."