பத்து மணிக் கையெழுத்து

"பத்து மணின்னா பத்து மணிடா. பத்தே காலுக்கு வர்றதுக்கு இது என்னா மாமியார் வூட்டு விருந்தா?"

ஸ்டேஷன் வாசலிலேயே கார்முகிலை நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார் ஏட்டு பெரியண்ணன்.

உள்ளே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலீஸ் பயிற்சி முடிந்து அவள் நெய்வேலிக்கு வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. இந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள்கூட இந்தக் கூத்து தவறியதில்லை.

முதலில் கார்முகிலின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு விழும். பிறகு "ஊது" என்று வாயை மோந்து பார்ப்பார். பிறகு செல்போனை வாங்கி, யாரோடு பேசினான் என்று உருட்டுவார். மார்க்கெட்டுக்கு வந்த குவார்ட்டர்ஸ் பெண்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவனை உள்ளே விட்டு நோட்டில் கையெழுத்து வாங்குவார்.

"ஏன் ஐயா, உள்ள கூப்பிட்டுப் பேசலாமே?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"உள்ள வச்சித் திட்டினா யாருக்கும்மா கேக்கும்?" என்றார் ஏட்டு. இப்படியும் ஒரு மனுஷனா என்று நினைத்துக்கொண்டாள்.

கார்முகில் முத்தாண்டிக்குப்பத்துப் பையன். வயது இருபத்தொன்று. கூட்டாளிகளோடு சேர்ந்து செம்புக் கம்பி திருடிய கேஸில் உள்ளே போய், கண்டிஷன் பெயிலில் வெளியே வந்தவன். இப்போது ஒரு பைக் மெக்கானிக்கிடம் வேலை கற்றுக்கொள்கிறான். கடை திறப்பது ஒன்பது மணிக்கு. இவன் போய்ச் சேருவது பத்தரைக்கு. எந்த முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? இந்த வேலையும் போனால் பையன் மறுபடியும் கம்பி அறுக்கத்தான் போவான். அதை நினைக்க நினைக்க அன்புக்கரசிக்கு மனசே ஆறவில்லை.

அன்று மதியம் ஏட்டு சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவன் கேஸ் கட்டைப் பிரித்தாள். கோர்ட் உத்தரவு தெளிவாக இருந்தது. முப்பது நாள்களுக்குத் தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. பெயில் கிடைத்தது ஜனவரியில். இப்போது ஜூலை.

ஸ்டேஷன் பதிவேட்டிலும் கையெழுத்து முப்பது நாளோடு நின்றிருந்தது. அதற்கப்புறம் ஏட்டு நீட்டியதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு.

பயிற்சியில் மனித உரிமை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் அன்புக்கரசி. பிடிபட்டு வருகிறவர்களைக்கூட "வாங்க, உட்காருங்க" என்பாள். ஸ்டேஷனே அதற்காக அவளைக் கலாய்க்கும். விடுவாளா?

மறுநாள் ஏட்டுக்குக் கம்மாபுரத்தில் பந்தோபஸ்து. சரியாகப் பத்துக்கு வந்த கார்முகில், வாசலில் ஆளைக் காணாமல் தயங்கித் தயங்கி நின்றான். அன்புக்கரசி அவனை உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள். அவன் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"உங்க கண்டிஷன் பிப்ரவரியிலேயே முடிஞ்சிருச்சு. அஞ்சு மாசமா ஏட்டு உங்களை ஏமாத்திட்டிருக்கார். நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். அவர் மேல ஒரு மனு எழுதிக் குடுங்க, இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசறேன்."

சந்தோஷத்தில் அழுதுவிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவனுக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"மெதுவா பேசுங்க மேடம். வெளிய கேட்டுடப் போவுது."

"ஏன் பயப்படறீங்க? ஏட்டுதான் இன்னைக்கு வரமாட்டாரே."

"ஏட்டய்யாவுக்கு இல்லீங்க."

ஜன்னல் வழியாக எதிர்த்த டீக்கடையைக் கண்ணால் காட்டினான். ஒரு பைக்கில் சாய்ந்தபடி இரண்டு பேர் ஸ்டேஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய கூட்டாளிங்க. மறுபடியும் கம்பி அறுக்க இழுத்துக்கினு போவ, எனக்குக் கையெழுத்து எப்ப முடியும்னு பாத்துக்கினே இருக்கானுங்க. தெனம் ஸ்டேஷனுக்கு வர்றவன்னா கிட்ட சேக்கமாட்டானுங்க. கூடவே மாட்டிக்குவோம்னு பயம்."

"அப்ப... முடிஞ்சது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க. முப்பத்தோராவது நாளே ஏட்டய்யா, போயி பொழப்பப் பாருடான்னு அனுப்பிட்டாரு. நான்தான் அவரு வூட்டுக்கே போயி, இன்னும் கொஞ்ச நாளைக்கி நாலு பேரு பாக்க என்னைத் திட்டுங்கய்யான்னு கெஞ்சினேன். பத்தரைக்கு வந்தா போதும்னு மெக்கானிக்கிட்ட சொல்லி வச்சதும் அவருதாங்க."

அன்புக்கரசிக்கு வெட்கமாக இருந்தது. ஏட்டின் மேல் எழுதுவதற்காக மனசுக்குள் கோத்து வைத்திருந்த வாசகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

கார்முகில் எழுந்து நின்றான்.

"நீங்க உக்கார வச்சிப் பேசினத அவனுங்க பாத்திருப்பானுங்க. முடிஞ்சிபோச்சின்னு நெனச்சிக்குவானுங்க. கொஞ்சம் வாசல் வரைக்கும் வந்து என்னைத் திட்டி அனுப்புங்க மேடம்."

தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவனோடு வாசலுக்கு வந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"நாளைக்கு நேரத்தோட வாங்க. புரியுதுங்களா?"

கார்முகில் குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தான். "பத்தாதுங்க மேடம்."

அன்புக்கரசி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"டேய். நாளைக்குப் பத்து மணிக்கு நீ இங்க இல்ல, வூட்டுக்கே வந்து தோலை உரிச்சிடுவேன். போடா."

குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் டீக்கடை பைக் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது.